கொடிக்கயிறு

தம்பியின் கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பிதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் ஓடுவான். தெருவில் பந்து உதைப்பான். ஆனால் காலையில் பையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்ததும், "கால் வலிக்குதுக்கா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிடுவான்.

"இப்ப நல்லாத்தானே நடந்து வந்தே?" என்பாள் அக்கா.

"அது அப்ப."

அக்காவுக்குப் பதினொரு வயது. வகுப்பிலேயே உயரமானவள். அதனால் தெருவில் எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அவளுக்கு அழுகை வந்தது. மேல் அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பா அந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் எட்டுகிறது என்று தெரிந்த பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள்.

தம்பிக்கு அந்த இடத்தில் மட்டும் ஏன் கால் வலிக்கிறது என்று நெட்டைக்குத் தெரியும். தெருமுனையில் பெரிய சாலை இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். வண்டிகள் வேகமாகப் போகட்டும் என்று சாலையை அகலமாக்கினார்கள். நடந்து போகிறவர்கள் அதை எப்படிக் கடப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு மழைநாளில், பள்ளி விட்டு வரும்போது, ஒரு வேன் தம்பியைத் தட்டிவிட்டது. கால் எலும்பு முறிந்தது.

அப்போது கவுன்சிலர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார்.

"அரசாங்கத்துல பேசிட்டேன். பணம் ஒதுக்கியாச்சு. சிக்னல் விளக்கு வந்துடும்," என்றார். தம்பியின் மாவுக்கட்டில் பெரிதாகக் கையெழுத்துக்கூடப் போட்டுவிட்டுப் போனார்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கையெழுத்தும் குப்பைக்குப் போனது. விளக்கு மட்டும் வரவில்லை. யாரோ இரண்டு பேர் வந்து, சாலையோரத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அங்கேதான் கம்பம் நடுவார்களாம்.

"பெருக்கல் போட்டா நிறைய விளக்கு வருமா?" என்று தம்பி கேட்டான்.

"முதல்ல ஒண்ணு வரட்டும்," என்றாள் அம்மா.

*

அப்பா சின்ன சரக்கு வேன் ஓட்டினார். மருந்துப் பெட்டிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. விடுமுறை நாட்களில் நெட்டையும் முன்னிருக்கையில் ஏறிக்கொள்வாள்.

அப்படி ஒருநாள் போகும்போது, "அந்த வேன்காரர் ரொம்ப வேகமா வந்தாராப்பா?" என்று கேட்டாள்.

அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"இல்லம்மா. வேகம் இல்ல. அவன் பார்க்கவே இல்ல. இங்கேருந்து பார்த்தா பிள்ளைங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

நெட்டை கண்ணாடி வழியே பார்த்தாள். அப்பா சொன்னது உண்மைதான். ஓரமாக நின்ற ஒரு சிறுமி, வேன் பக்கத்தில் போன பிறகுதான் கண்ணில் பட்டாள். நிறுத்திவைத்த வண்டிகளுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே அவளும் ஒரு பொருள் போலத் தெரிந்தாள்.

ஆனால் வெகுதூரத்தில் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் பளிச்சென்று தெரிந்தார்கள். அவர்கள் மஞ்சள் நிறச் சட்டை போட்டிருந்தார்கள். அந்த மஞ்சளைப் பார்த்ததுமே அப்பாவின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் நெட்டை அம்மாவின் தையல் மிஷினுக்குக் கீழே இருந்த துணி மூட்டையைக் கிளறினாள்.

"அம்மா, இந்த மஞ்சள் துணி யாரோடது?"

"திரைச்சீலை தைச்ச மிச்சம். உனக்கு எதுக்கு அது?"

நெட்டை ஒட்டடைக் கம்பை எடுத்து, அதன் நுனியில் துணியைக் கட்டினாள். பிறகு கொல்லைப்புறம் போய், துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள். அதில் கைக்கு ஒன்றாக முடிச்சுகள் போட்டாள்.

அம்மா ஈரத்துணி வாளியோடு வந்து நின்றாள். "கயிறை நீ எடுத்துக்கிட்டா இதையெல்லாம் எங்கடி காயப்போடுறது? உன் தலையிலயா?"

"என் உயரத்துக்குப் போடலாம்மா."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு அந்தக் கயிறு எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்குமேல் அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் வேறு கயிறு தேடினாள்.

*

மறுநாள் காலை தெருமுனையில் தம்பி வழக்கம்போல் உட்காரப் போனான்.

"உட்காராதே. நீ நடு முடிச்சு," என்றாள் நெட்டை. "உனக்கு முன்னாடி நான். உனக்குப் பின்னாடி பக்கத்து வீட்டுப் பாப்பா."

"வேன் வந்தா?"

"முதல்ல என்னைப் பார்க்கணும். என்னையும் பார்க்கலைன்னா இந்தக் கொடியைப் பார்க்கணும். இதையும் பார்க்கலைன்னா அவருக்குக் கண்ணே இல்லைன்னு அர்த்தம்."

தம்பி யோசித்தான். முடிச்சைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

நெட்டை கம்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரமாகத் தூக்கினாள். தூரத்தில் வந்த ஒரு லாரி மெல்ல வேகம் குறைந்து, பெருமூச்சு விட்டதுபோல் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன பாப்பா, ஊர்வலமா?"

"பள்ளிக்கூடம் போறோம் மாமா."

"போங்க, போங்க."

மூன்று பேரும் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் தம்பி குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வலிக்கவில்லை.

அந்த வாரமே கயிற்றில் முடிச்சுகள் போதவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பிடித்துக்கொண்டார்கள். நெட்டை இன்னொரு கயிற்றை முடிந்து நீளமாக்கினாள். மாலையில் பள்ளி விட்டதும் அதே கயிறு திரும்பி வந்தது. மழை வந்தது, வெயில் வந்தது, பரீட்சை வந்தது. கயிறு ஒருநாளும் நிற்கவில்லை.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "நல்ல காரியம், நல்ல காரியம்," என்று தினமும் சொல்வார்.

*

ஒருநாள் பள்ளியில் விழா என்றார்கள். கவுன்சிலர் வந்தார். அவருடன் சாலைத் துறையிலிருந்து ஒரு பெண் பொறியாளரும் வந்தார்.

நெட்டையை மேடைக்கு அழைத்தார்கள்.

"பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு வருஷமா ஒரு விபத்துகூட இல்ல," என்றார் கவுன்சிலர். "காரணம் யாரு? இந்தப் பிள்ளைங்கதான். ஊருக்கே முன்மாதிரி."

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் நெட்டைக்கு ஒரு கேடயம் கொடுத்தார். அதில் அவர் படம் இருந்தது.

நெட்டை மைக்கின் பக்கம் குனிந்தாள். அவள் குனிய வேண்டியிருந்தது. "சார், விளக்கு எப்ப வரும்?"

கவுன்சிலர் சிரித்தார். "உன்னை மாதிரி பிள்ளைங்க இருக்கும்போது விளக்கு எதுக்கும்மா?"

மறுபடியும் கைதட்டல். தம்பி முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விழா முடிந்ததும் பொறியாளர் வாசலில் தனியாக நின்றார். அவருடைய ஜீப் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. அவர் ஒரு கால் எடுத்து வைப்பார். லாரி வரும். பின்வாங்குவார். மறுபடி ஒரு கால் எடுத்து வைப்பார். பேருந்து வரும்.

நெட்டை கொடியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"பிடிச்சுக்குங்க மேடம்."

பொறியாளருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டார். நெட்டை கொடியைத் தூக்கினாள். வண்டிகள் நின்றன. இருவரும் கடந்தார்கள்.

"மேடம், விளக்கு வராதா?"

பொறியாளர் அவளைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"இந்த வருஷம் வராதும்மா."

"பணம் ஒதுக்கியாச்சுன்னு சொன்னாங்களே."

"ஒதுக்கினது உண்மைதான். ஆனா ஒரு விளக்குக்குத்தான் பணம் வந்துச்சு. ரெண்டு இடத்துல கேட்டாங்க. எங்க ஆபத்து அதிகமோ அங்கதான் கொடுக்கணும்னு விதி. இங்க ஒரு வருஷமா ஒண்ணும் நடக்கல. ஆஸ்பத்திரி சாலையில..." அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அங்க ஒரு பிள்ளை இறந்துபோச்சு. விளக்கு அங்க போயிடுச்சு."

நெட்டை கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நாங்க இத்தனை பேர் தினமும் அடிபடாம போயிட்டு வர்றோம். அதை எண்ண மாட்டாங்களா?"

"நடந்ததைத்தாம்மா எண்ணுவாங்க. நடக்காததை எப்படி எண்ணுறது?"

பொறியாளர் ஜீப்பில் ஏறப் போனார். கையில் இன்னும் கயிற்றைப் பிடித்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதை நெட்டையிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

*

மாலையில் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. மளிகைக் கடை வாசலில் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள்.

"ஏமாத்திட்டாங்க," என்றார் ஒருவர்.

"கேடயம் கொடுத்தா சரியாப் போச்சா?" என்றார் இன்னொருவர்.

"தப்பு நம்ம பேர்லயும் இருக்கு," என்றார் கடைக்கார மாமா. "நாமே கயிறு பிடிச்சு, கொடி பிடிச்சு, எல்லாத்தையும் சரியா செஞ்சுட்டோம். அவங்க பார்க்கிறாங்க, இங்க ஒண்ணும் நடக்கல. பின்ன எப்படிக் கொடுப்பாங்க? ஒரு மாசம் இந்தக் கயிறை நிறுத்திப் பார்க்கலாம். சின்னதா ஏதாவது ஒண்ணு நடந்தாக்கூடப் போதும். விளக்கு தானா வந்துடும்."

யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. சிலர் தலையாட்டினார்கள். அப்பாகூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நெட்டை முன்னால் வந்தாள்.

"யாருக்கு மாமா?"

"என்னம்மா?"

"சின்னதா ஒண்ணு நடக்கணும்னு சொன்னீங்களே. யாருக்கு நடக்கணும்?"

"ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா."

"எங்க தம்பிக்கு ஏற்கெனவே நடந்துடுச்சு. அவனை விட்டுடலாம். பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கா? அவளுக்கு ஆறு வயசு. இல்ல, உங்க பேரனுக்கா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். அதனால்தான் யாராலும் அவளை அதட்ட முடியவில்லை.

கடைக்கார மாமாவின் பேரன் ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டு பாட்டில் வரிசைக்குப் பக்கத்தில் நின்றான். மாமா அவனைப் பார்த்தார். பிறகு எழுந்து கடைக்குள் போய், அடுக்கியிருந்த சோப்புகளையே மறுபடி அடுக்கினார். கூடியிருந்தவர்கள் தங்கள் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

*

கேள்வி கேட்டுவிட்டாளே தவிர, நெட்டைக்கும் மனம் கசந்துதான் இருந்தது. அடுத்த சில நாட்கள் அவள் கொடியை வேண்டாவெறுப்பாகத் தூக்கினாள்.

"அந்த விளக்கு நம்மளோடதுதானே?" என்று அம்மாவிடம் கேட்டாள். "நாம ஒழுங்கா இருந்ததுக்குத் தண்டனையா?"

அம்மா ஊசியில் நூலைக் கோக்க முயன்றுகொண்டே இருந்தாள். நூல் உள்ளே போகவில்லை.

சனிக்கிழமை அப்பாவின் வேன் ஆஸ்பத்திரி சாலைக்குப் போனது. அங்கே புதுக் கம்பம் பளபளவென்று நின்றது. சிவப்பு எரிந்ததும் எல்லா வண்டிகளும் நின்றன. பிள்ளைகள் கயிறு இல்லாமல், கொடி இல்லாமல், கதை பேசிக்கொண்டே கடந்தார்கள். நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா மருந்துக் கடையில் பெட்டிகளை இறக்கினார். நெட்டை கம்பத்தின் அருகே போனாள்.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தார். அம்மாவின் வயதுதான் இருக்கும். சாலையைக் கடக்க அவர் வரவில்லை. பிள்ளைகள் வரும்போதெல்லாம் இரண்டு கைகளையும் நீட்டி அவர்களைத் தடுத்தார். விளக்கு மாறிய பிறகும் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கைகளை எடுத்தார்.

"விளக்குதான் வந்துடுச்சே ஆன்ட்டி. நீங்க ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டாள் நெட்டை.

"வீட்டுல இருக்க முடியலம்மா," என்றார் அந்தப் பெண். "சனிக்கிழமைன்னா இந்நேரம் என் பொண்ணு இந்தப் பக்கமாத்தான் பாட்டு கிளாஸ் போவா. மூணாவது படிச்சா."

நெட்டைக்குப் புரிந்துவிட்டது. அவர் பக்கத்திலேயே நின்றாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தார். "நீ எங்க படிக்கிறே? உங்க பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி விளக்கு இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி. எங்களுக்கு வர வேண்டியதுதான்..."

"இல்லையா?" என்றார் அந்தப் பெண். அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "இல்லாமலே இருக்கட்டும்மா. அதுதான் நல்லது."

பிள்ளைகள் இன்னும் சிலர் வந்தார்கள். அவர் கைகளை நீட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

திரும்பும் வழியில் நெட்டை ஜன்னல் வழியே சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். பாட்டு வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

வீடு நெருங்கும்போது, "அப்பா, கொடித்துணி நைஞ்சு போச்சு," என்றாள். "வேற துணி வாங்கணும். இன்னும் பளிச்சுனு இருக்கிற மாதிரி."

அப்பா அப்போதே வேனைத் துணிக்கடைப் பக்கம் திருப்பினார்.

*

திங்கட்கிழமை காலை, புதுக் கொடியோடு தெருமுனைக்கு வந்த நெட்டை திகைத்து நின்றாள். மளிகைக் கடை பூட்டியிருந்தது. அந்தக் கடை காலையில் பூட்டிக் கிடந்து அவள் பார்த்ததே இல்லை.

சாலைக்கு எதிர்ப்பக்கம் கடைக்கார மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய மஞ்சள் பிளாஸ்டிக் முறம். அதில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"என்ன மாமா, இங்க நிக்கிறீங்க?" என்று நெட்டை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"அந்தப் பக்கம் வர்ற வண்டிக்கு உன் கொடி தெரியுது. இந்தப் பக்கம் வர்றவனுக்கு யாரு காட்டுறது?" என்றார் மாமா. "ரொம்ப நாளா நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டேதானே இருந்தேன். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

"கடையை யாரு பார்ப்பாங்க?"

"கடை எங்கயும் ஓடாது. நீ பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா."

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தார்கள். அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டிப் பையன் கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டு நெட்டையை அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, இங்க சிக்னல் வருமாமே. எப்பக்கா வரும்?"

தம்பியும் திரும்பி அவளைப் பார்த்தான். நெட்டை கொடிக் கம்பை நேராகப் பிடித்தாள். ஆஸ்பத்திரி சாலையில் நீட்டிய கைகளோடு நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டாள்.

"தெரியலடா. நீ கையை விடாம வா," என்றாள்.

கொடி ஒரு பக்கம் எழுந்தது. முறம் இன்னொரு பக்கம் எழுந்தது. லாரியும் பேருந்தும் நின்றன. பின்னால் வந்த ஒரு கார் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. மாமா முறத்தால் தனக்கு விசிறிக்கொண்டு, அந்தக் காரையே பார்த்தபடி நடுச்சாலைக்கு வந்து நிதானமாக நின்றார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கடந்தார்கள்.

மற்ற பிள்ளைகள் பள்ளி வாசலுக்குள் போன பிறகு மாமா முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெட்டையிடம் கேட்டார்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கும்மா விடுவாங்க?"

"நாலு மணிக்கு மாமா."

"சரி, அதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறேன்," என்றார் அவர்.